ரெட்மி, போகோ போன் அன்லாக்கும் கஸ்டம் ரோமும்: எந்த இடத்தில் மாட்டியதோ அங்கிருந்தே சரிசெய்ய

போகோ எஃப்1 2018 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்தது. கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றுவிட்டது. கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றும் வெளியார் ஆண்ட்ராய்டுக்குக் கஸ்டம் ரோம் என்று பெயர். அவற்றில் ஒன்றான லீனியேஜ் ஓ.எஸ். ஏற்றினால் அதே போனில் ஆண்ட்ராய்டு 14 ஓடும். வாரண்டியும் அப்டேட்டும் முடிந்து, வன்பொருள் மட்டும் நன்றாக இருக்கும் இப்படிப்பட்ட போனுக்கு பூட்லோடரை, அதாவது போன் எழும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று முடிவு செய்யும் பகுதியை, அன்லாக் செய்வது உழைப்புக்கு ஏற்ற பலன் தரும். வாரண்டியில் இருக்கும் போனுக்கும், வங்கி ஆப், யூபிஐ எல்லாவற்றுக்கும் கையில் இருக்கும் ஒரே போனுக்கும் இது வேண்டாம். இங்கே சொல்லும் கோளாறுகளில் பாதியை நீங்களே சரிசெய்யலாம். மீதியில் சிலவற்றுக்குத் தீர்வே கிடையாது.

கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்குமுன் மூன்று காரியங்கள். அன்லாக் செய்யும் நொடியில் போனில் உள்ள அத்தனையும் அழியும், அதனால் படங்கள், வாட்ஸ்அப் பேக்கப், ஓடிபி தரும் ஆதென்டிகேட்டர் ஆப் ஆகியவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பேட்டரி 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. போனின் குறிப்பெயரை (ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி உள்ளுக்குள் வைத்த பெயர்) தெரிந்துகொள்ளுங்கள். ரெட்மி நோட் 7-க்கு ‘லாவெண்டர்’, நோட் 7 ப்ரோவுக்கு ‘வயலட்’. கடைப்பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் முன்னதில் ஸ்னாப்டிராகன் 660 சிப், பின்னதில் 675. ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகாது. கணினியிலிருந்து கட்டளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலையில் ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் புராடக்ட்’ என்று கேட்டால் போனே தன் குறிப்பெயரைச் சொல்லும். டவுன்லோடு பக்கத்தில் இருக்கும் பெயரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிகுறி 1: கணினிக்குப் போன் தெரியவில்லை

வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி ஃபாஸ்ட்பூட்டுக்குப் போயாயிற்று. ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ என்றால் வெற்று வரி வருகிறது, அல்லது ‘வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்’ என்று காத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. போன் இயங்கும் நிலையில் படங்களைக் கணினிக்கு நகலெடுக்க முடிகிற கேபிள்தான் இந்த வேலைக்கு ஆகும்.

அடுத்து போர்ட். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில், அதிலும் ஏஎம்டி ரைசன் கணினிகளில், ஃபாஸ்ட்பூட் தொடர்பு அறுந்துபோவது அடிக்கடி நடக்கிறது. யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். அது இல்லாத லேப்டாப்பில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2 ஹப் வாங்கி நடுவில் வைத்தால் போதும்.

மூன்றாவது டிரைவர். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் ‘ஆண்ட்ராய்டு’ என்று தெரிந்தால், அதன் டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்து ‘ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்’ என்று மாற்றுங்கள். போன் இயங்கும்போது பயன்படும் டிரைவர் வேறு, ஃபாஸ்ட்பூட்டுக்கு உள்ளது வேறு. ஒன்று வேலை செய்வதால் மற்றதும் இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை, சாதாரணமாகச் சார்ஜ் ஏறுவதும் தடுமாறுகிறது என்றால் சார்ஜிங் போர்ட் தேய்ந்திருக்கிறது. அதைக் கடையில் மாற்றிய பிறகே மேலே போங்கள். ஆடுகிற போர்ட்டை வைத்துக்கொண்டு ஃப்ளாஷ் செய்தால் (போனில் மென்பொருளை எழுதினால்) பாதி எழுதும்போது அறுந்து போன் செத்துவிடும்.

அறிகுறி 2: அன்லாக் மறுக்கப்படுகிறது

*காத்திருக்கச் சொல்கிறது.* டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘மி அன்லாக் ஸ்டேட்டஸ்’ வழியாக மி கணக்கை (ஷியோமி கணக்கு) போனோடு இணைத்த பிறகு, ஷியோமியின் பழைய மென்பொருளான எம்.ஐ.யூ.ஐ. ஓடும் போன்களில் வழக்கமாக 168 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடையில் மி கணக்கிலிருந்து வெளியேறினாலோ, மறுபடி ‘இணை’ பட்டனை அழுத்தினாலோ கடிகாரம் முதலிலிருந்து ஓடும். பொறுமையைத் தவிர வேறு வழி இல்லை. ‘உடனே அன்லாக்’ என்று விற்கும் கணினி மென்பொருள்கள் பெரும்பாலும் வைரஸ்தான்.

*கணக்கை இணைக்கவே முடியவில்லை.* வைஃபையை அணைத்து, சிம்மின் மொபைல் டேட்டாவில் இணையுங்கள். வி.பி.என். இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

*ஹைப்பர் ஓ.எஸ். போன்.* எம்.ஐ.யூ.ஐ.க்கு அடுத்து வந்த ஷியோமி மென்பொருள் இது. இங்கே வாசல் இன்னும் குறுகல். மி கம்யூனிட்டி ஆப்பில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மி கணக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். அனுமதி கிடைத்துக் கணக்கை இணைத்த பிறகும் காத்திருப்பு உண்டு. தினசரி ஒதுக்கீடு பெய்ஜிங் நள்ளிரவில், அதாவது நம் நேரம் இரவு 9.30-க்குத் திறந்து மிக விரைவில் தீர்ந்துவிடும். ‘இன்றைய ஒதுக்கீடு முடிந்தது’ என்று வந்தால் பிழை உங்களுடையதல்ல, மறுநாள் அதே நேரத்துக்கு முயலுங்கள். 2025 முதல் ஒரு கணக்குக்கு ஆண்டுக்கு ஒரே போன்தான்.

*கணினியில் ஓடும் அன்லாக் கருவி 99 சதவீதத்தில் நின்றுவிடுகிறது.* முதல் அறிகுறியின் போர்ட், டிரைவர் சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

வேறு கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வரி. ஹுவாவே 2018-லேயே அன்லாக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. விவோ போன்களுக்கு அதிகாரபூர்வ வழி இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சாம்சங்கில் அன்லாக் செய்து வேறு மென்பொருளை ஏற்றினால் அதன் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸின் ஃபியூஸ் எரிந்துவிடும். அது வன்பொருளிலேயே நடக்கும் மாற்றம், பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் திரும்பாது.

அறிகுறி 3: ரெக்கவரி ஏறியது, ஆனால் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று காட்டுகிறது

ரெக்கவரி என்பது ரோமை ஏற்றவும் டேட்டாவை அழிக்கவும் பயன்படும் தனிச் சிறு மென்பொருள். 0 எம்பி என்பது கோளாறு அல்ல. போனின் டேட்டா பகுதி என்க்ரிப்ட் ஆகி (குறியீடாகப் பூட்டப்பட்டு) இருக்கிறது, ரெக்கவரியால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்டு கேட்டால் உங்கள் திரைப்பூட்டு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் திறக்கவில்லை என்றால் ‘ஃபார்மேட் டேட்டா’ போய் ‘யெஸ்’ என்று தட்டச்சு செய்ய வேண்டும். ‘வைப்’ வேறு, ‘ஃபார்மேட்’ வேறு. வைப் செய்தால் என்க்ரிப்ஷன் போகாது. ஃபார்மேட் முடிந்ததும் ரெக்கவரியை ஒருமுறை ரீபூட் செய்தால்தான் ஸ்டோரேஜ் சரியான அளவைக் காட்டும்.

ரெக்கவரி ஏற்றிய பிறகு போனைச் சாதாரணமாக ஆன் செய்தீர்களா? அப்படியானால் கம்பெனி மென்பொருள் தன் ரெக்கவரியை மீண்டும் எழுதியிருக்கும். ஃப்ளாஷ் முடிந்த கையோடு, வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்தபடி நேரே ரெக்கவரிக்குள் போங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு வேலையைத் தவறவிடாதீர்கள். ரெக்கவரியின் பேக்கப் பட்டியலில் ‘ஈ.எஃப்.எஸ்.’, ‘பெர்சிஸ்ட்’ இரண்டும் இருந்தால் டிக் செய்து, மீடியாடெக் சிப் உள்ள போன் என்றால் ‘என்வி ரேம்’, ‘என்வி டேட்டா’வையும் சேர்த்து, வரும் கோப்புகளைக் கணினிக்கு நகர்த்தி வையுங்கள். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), வைஃபை முகவரி, கைரேகை, சென்சார் அளவீடு எல்லாம் இவற்றில்தான் இருக்கின்றன. இவை ஒவ்வொரு போனுக்கும் தனி. இன்னொருவர் போனிலிருந்து வாங்க முடியாது, இணையத்திலும் கிடைக்காது. கீழே வரும் ஆறாவது, எட்டாவது அறிகுறிகள் சில நிமிடத்தில் தீருமா, தீராமலே போகுமா என்பது இந்தக் கோப்புகளைப் பொறுத்தது.

அறிகுறி 4: ரோம் ஏற்றும்போது பாதியில் நிற்கிறது

*47 சதவீதத்தில் நின்றது.* கணினியிலிருந்து சைடுலோடு செய்யும்போது (கோப்பைக் கேபிள் வழியே அனுப்பி ஏற்றும்போது) லீனியேஜில் இது இயல்பு. கணினித் திரை 47-இல் நின்றாலும் போனின் திரையைப் பாருங்கள், அங்கே முடிந்ததாகச் சொன்னால் முடிந்ததுதான். பதறிக் கேபிளை உருவுவதே இங்கே நடக்கும் தவறு.

*‘எரர் 7’ அல்லது ‘இந்தத் தொகுப்பு வேறு டிவைஸுக்கு’.* குறிப்பெயர் பொருந்தவில்லை, அல்லது ரெக்கவரி பழையது. ஜிப்புக்குள் இருக்கும் சரிபார்ப்பு வரியை அழித்துவிட்டு ஏற்றச் சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. செய்யாதீர்கள். போனைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

*‘சிக்னேச்சர் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’.* லீனியேஜ் ரெக்கவரியில் கூகுள் ஆப் தொகுப்பை ஏற்றும்போது இது வரும், ‘யெஸ்’ கொடுத்துத் தொடரலாம். ரோம் கோப்புக்கே வந்தால் டவுன்லோடு சிதைந்திருக்கலாம், செக்சம் (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

கூகுள் ஆப்களை ரோம் ஏற்றிய உடனே, போனை முதன்முறை ஆன் செய்யும் முன்பே ஏற்ற வேண்டும். ஒருமுறை போனை ஆன் செய்துவிட்டுப் பிறகு ஏற்றினால் ‘நின்றுவிட்டது’ அறிவிப்புகள் ஓயாது. டேட்டாவை ஃபார்மேட் செய்து முதலிலிருந்து தொடங்குவதுதான் மருந்து.

அறிகுறி 5: லோகோவிலேயே சுற்றுகிறது

போன் முதன்முறை எழ 15 நிமிடம் கொடுங்கள். அதற்குள் பட்டனைத் தொட வேண்டாம். அதற்கு மேலும் சுற்றினால், கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

*ரோம் மாற்றிய உடனே:* டேட்டாவை ஃபார்மேட் செய்யாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். கம்பெனி மென்பொருளிலிருந்து கஸ்டம் ரோமுக்கு வந்தாலும், ஒரு ரோமிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் ஃபார்மேட் கட்டாயம். அதைச் செய்தும் சுற்றுகிறது என்றால் ஃபர்ம்வேரைப் பாருங்கள். பல ரோம்கள் ‘ஆண்ட்ராய்டு 12 அடிப்படை ஃபர்ம்வேர் தேவை’ என்பதுபோல் நிபந்தனை போடும். மோடம் முதலான கீழ்நிலைக் கோப்புகள் பழையவையாக இருந்தால் மேலே எந்த ரோம் போட்டாலும் எழாது. அந்தப் பதிப்பின் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டு ரோமை மறுபடி ஏற்றுங்கள்.

*மேஜிஸ்க் வழியாக ரூட் செய்த உடனே:* ரூட் என்பது போனின் முழு அதிகாரத்தையும் பெறுவது. மேஜிஸ்க் அதற்கான ஆப், பூட் கோப்பைத் திருத்தி அதைச் செய்கிறது. திருத்திய பூட் கோப்பு இப்போது ஓடும் பதிப்பினுடையது அல்ல. ஓடும் ரோமின் அதே பதிப்பு எண்ணுள்ள தொகுப்பிலிருந்து மூல பூட் கோப்பை எடுத்து ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்’ மூலம் திரும்ப எழுதினால் போன் எழும், டேட்டாவும் போகாது. ஆண்ட்ராய்டு 13-உடன் சந்தைக்கு வந்த போன்களில் திருத்த வேண்டியது பூட் கோப்பு அல்ல, ‘இனிட் பூட்’. இங்கே நிறையப் பேர் தவறுகிறார்கள். பூட் ஆகிறது, ஆனால் வைஃபை மட்டும் ஆன் ஆகவில்லை என்பதும் பதிப்புப் பொருத்தமின்மையின் அடையாளமே.

*மேஜிஸ்க் மாட்யூல் (கூடுதல் வசதிக்கான துணைத் தொகுப்பு) போட்ட பிறகு:* பூட் அனிமேஷன் தெரிந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்து சேஃப் மோடுக்குள் போங்கள், எல்லா மாட்யூலும் முடங்கும். பிறகு சாதாரணமாக ரீபூட் செய்து, குற்றவாளியை மட்டும் நீக்குங்கள். யூஎஸ்பி டீபக்கிங் முன்பே அனுமதித்திருந்தால் ‘ஏடிபி வெயிட்-ஃபார்-டிவைஸ் ஷெல் மேஜிஸ்க் --ரிமூவ்-மாட்யூல்ஸ்’ என்ற கட்டளையும் உதவும்.

*‘தி சிஸ்டம் ஹேஸ் பீன் டிஸ்ட்ராய்ட்’ என்ற செய்தி:* படித்ததும் வயிற்றைக் கலக்கும், ஆனால் எதுவும் அழியவில்லை. ரெக்கவரியையோ பூட் கோப்பையோ மாற்றியதைப் போனின் சரிபார்ப்பு பிடித்துவிட்டது. கம்பெனித் தொகுப்பில் இருக்கும், இந்தச் சரிபார்ப்புக்கான விபிமெட்டா கோப்பை ‘ஃபாஸ்ட்பூட் --டிசேபிள்-வெரிட்டி --டிசேபிள்-வெரிஃபிகேஷன் ஃப்ளாஷ் விபிமெட்டா’ என்று எழுதுங்கள். இரட்டை ஸ்லாட் உள்ள போன் (மென்பொருளுக்கு இரண்டு இடம் வைத்திருப்பது) என்றால் ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் கரன்ட்-ஸ்லாட்’ கேட்டு, எழுதிய ஸ்லாட்டில்தான் பூட் ஆகிறதா என்றும் பாருங்கள்.

*எந்தக் கிளையிலும் அடங்கவில்லை:* உங்கள் குறிப்பெயருக்கான கம்பெனியின் முழு ஃபாஸ்ட்பூட் ரோமை, கணினியில் ஓடும் ஷியோமியின் மி ஃப்ளாஷ் கருவியால் ஏற்றுங்கள். இதற்குமுன் கடைசி அறிகுறியைப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிலைமை மோசமாகலாம். அதன் பிறகும் சுற்றினால் ஸ்டோரேஜ் சிப் பழுதாக இருக்கலாம். எழுதும்போதே ‘ரைட் ஃபெயில்ட்’ வருவது அதற்கு வலுவான அறிகுறி. இனி அது போர்டு வேலை பார்க்கும் கடையின் வேலை.

அறிகுறி 6: சிம் இருக்கிறது, கால் போகவில்லை

சிம் தட்டைக் கழற்றிச் சரியாகப் போடுவது, ஏர்ப்ளேன் மோடை ஒருமுறை போட்டு எடுப்பது, இரண்டும் முடிந்ததா? பிறகு *#06# தட்டுங்கள்.

*ஐஎம்இஐ எண் வருகிறது, டேட்டாவும் ஓடுகிறது, கால் மட்டும் இல்லை.* ஜியோ சிம்மா? ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, குரல் அழைப்பு முழுக்க வோல்டி (4ஜி வழியாகப் பேசும் முறை) வழிதான். ரோமில் வோல்டி வேலை செய்யாவிட்டால் ஜியோவில் கால் இல்லை. ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம்மில் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசிவிடும், அதனால் குறை வெளியே தெரியாது. *#*#4636#*#* தட்டி, போன் தகவல் பக்கத்தில் வோல்டி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபர்ம்வேரைப் பொருத்தமான பதிப்புக்கு மாற்றுங்கள். அதிலும் வராவிட்டால் ரோமை மாற்றுவதே வழி. ரோம் தேர்ந்தெடுக்கும்போதே ‘ஜியோ வோல்டி’ பற்றிப் பயனர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்துவிடுவது இந்த அலைச்சலை மிச்சப்படுத்தும்.

*ஐஎம்இஐ ‘நல்’ அல்லது 0 என்று வருகிறது.* எதையும் மறுபடி ஃப்ளாஷ் செய்யாதீர்கள். எடுத்து வைத்த ஈ.எஃப்.எஸ். பேக்கப்பை ரெக்கவரியில் திரும்ப ஏற்றுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். மீடியாடெக் ரெட்மியில் ‘என்வி டேட்டா இஸ் கரப்டட்’ என்று வந்தால் என்வி ரேம், என்வி டேட்டா பேக்கப்.

பேக்கப் இல்லையென்றால் அதிகாரபூர்வ சேவை மையத்துக்குப் போங்கள். தெருக்கடையில் ‘ஐஎம்இஐ எழுதித் தருகிறேன்’ என்றால் தலையாட்டாதீர்கள். ஐஎம்இஐயைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். வேறு ஒரு போனின் எண்ணை அவர்கள் எழுதிவிட்டால், அந்த எண் தேடப்படும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அறிகுறி 7: வங்கி ஆப் திறக்கவில்லை

பிளே ஸ்டோரின் ‘அபவுட்’ பகுதியில் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே, போன் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று கூகுள் பார்க்கும் இன்டெக்ரிட்டி சோதனையை ஓட்டுங்கள். பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங் என்று மூன்று நிலை உண்டு.

‘பேசிக்’ மட்டும் தேறினால் அதுதான் அன்லாக் செய்த போனின் இயல்பான நிலை. ரூட் இல்லாமல், டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிட்டு முயன்றால் சில ஆப்கள் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. ஆப்புக்கு ஆப், பதிப்புக்குப் பதிப்பு மாறும். ‘டிவைஸ்’, ‘ஸ்ட்ராங்’ இரண்டையும் தேறவைப்பதாகச் சொல்லும் மாட்யூல்கள் வேறு போன்களிலிருந்து கசிந்த சான்றுகளை நம்பி நிற்பவை. கூகுள் அவற்றைக் கண்டுபிடித்து ரத்து செய்யும்போது மறுபடி ஆப் நின்றுவிடும். 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13-இலும் அதற்கு மேலும் சோதனை வன்பொருள் சான்றைக் கேட்கிறது, இனி இடுக்கு இன்னும் குறுகும். யாரோ எழுதிய மாட்யூலுக்கு ரூட் அனுமதி கொடுத்த போனில் சேமிப்புக் கணக்கை வைப்பது எங்கள் பார்வையில் தவறு. பணத்துக்கு லாக் செய்த ஒரு போன், மற்றதற்கு இது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்க முடியாதவர் கம்பெனி மென்பொருளுக்குத் திரும்புவதே சரி.

நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாகத் தெரிவதும் இந்த வகைதான். படங்களை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் அமைப்பு எல்1 நிலையிலிருந்து எல்3-க்கு இறங்கியிருக்கும், அதில் 480பி தரத்துக்கு மேல் கிடைக்காது.

அறிகுறி 8: கைரேகை, ஆட்டோ ரொட்டேட், ப்ராக்ஸிமிட்டி (காதருகே திரையை அணைக்கும் சென்சார்) வேலை செய்யவில்லை

ஒன்று மட்டும் போயிருந்தால் ரோமின் குறை, அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கலாம். எல்லாம் சேர்ந்து போயிருந்தால் பெர்சிஸ்ட் கெட்டிருக்கிறது, பேக்கப்பைத் திரும்ப ஏற்றுங்கள். பேக்கப் இல்லாதவர் கம்பெனித் தொகுப்பின் பெர்சிஸ்ட் கோப்பைப் போட்டால் சென்சார்கள் சில சமயம் எழும், ஆனால் கைரேகையும் வைட்வைன் எல்1-ம் போகலாம். திரை மாற்றிய பிறகு ப்ராக்ஸிமிட்டி மட்டும் போயிருந்தால் மென்பொருளில் தேட வேண்டாம், திரை போட்ட கடையில் கேளுங்கள்.

அறிகுறி 9: திரை கறுப்பு, எதற்கும் அசையவில்லை

வேறு சார்ஜரில் அரை மணி நேரம் விட்டு, பவர் பட்டனை 20 நொடி அழுத்திப் பிடியுங்கள். பூட்லூப்பில் சுற்றிச் சுற்றி பேட்டரி காலியான போன்கள் இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையா? கணினியில் செருகி டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். ‘குவால்காம் எச்எஸ்-யூஎஸ்பி க்யூடிலோடர் 9008’ என்றோ, மீடியாடெக் போர்ட் என்றோ தெரிந்தால் சிப் உயிரோடு இருக்கிறது, அதன் பூட்லோடர்தான் போய்விட்டது. மீட்க முடியும். ஆனால் ஷியோமி போன்களில் இந்த நிலையில் எழுத அனுமதி பெற்ற கணக்கு வேண்டும், பல மாடல்களில் பின்மூடியைத் திறந்து டெஸ்ட் பாயின்ட்டை இணைக்கவும் வேண்டும். சேவை மையம் அல்லது ஈ.டி.எல். (இந்த அவசர நிலையில் மென்பொருள் எழுதும்) வேலை தெரிந்த கடையைத் தேட வேண்டிய இடம் இது. கட்டணத்தை முன்பே கேளுங்கள், மென்பொருள் ஏற்றுவதற்குத் தனி, மதர்போர்டு மாற்றுவதற்குத் தனி. மதர்போர்டு என்று சொன்னால் பழைய போனுக்கு அந்தச் செலவு தகாது. இணையத்தில் உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து எடுத்துச் செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

கணினியில் எதுவுமே தெரியவில்லை, வேறு கேபிளிலும் அதேதான் என்றால் பேட்டரியோ பவர் ஐசியோ. ஃப்ளாஷ் செய்து தீராது.

அறிகுறி 10: பழைய மென்பொருளுக்குத் திரும்பும்போது மறுப்பு, அல்லது திரும்பியதும் பூட்டிக்கொண்டது

மி ஃப்ளாஷ் கருவியைத் திறந்ததும் கீழ் வரிசையைப் பாருங்கள். ‘க்ளீன் ஆல் அண்ட் லாக்’ என்பதே முன்கூட்டித் தேர்வாகி இருக்கும். அதை ‘க்ளீன் ஆல்’ என்று மாற்றாமல் தொடங்கினால் முடியும்போது பூட்லோடரும் பூட்டிக்கொள்ளும். சீனாவில் விற்ற போனில் குளோபல் ரோம் போட்டு இப்படிப் பூட்டினால் ‘இந்தப் பதிப்பை இந்தப் போனில் நிறுவ முடியாது’ என்று ரெக்கவரியில் நின்றுவிடும், மறுபடி அன்லாக் செய்யக் காத்திருப்பு விதிகள் முதலிலிருந்து. இந்தியப் போனுக்கு இந்திய ரோம்.

*‘ஃப்ளாஷ் ஸ்கிரிப்ட் காணவில்லை’:* கோப்பை முழுதாக விரிக்கவில்லை, அல்லது ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கிறது. சி டிரைவின் வேரிலேயே சிறிய பெயரில் வையுங்கள்.

*‘மிஸ்மேட்சிங் இமேஜ் அண்ட் டிவைஸ்’:* குறிப்பெயர் தவறு. நிறுத்துங்கள்.

*‘ஆன்டி ரோல்பேக்’ பிழை:* பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் பூட்டு இது. ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி’ தரும் எண்ணைவிடத் தொகுப்பின் எண் சிறியதாக இருக்கிறது. 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் இந்தப் பூட்டு 4-ஆக ஏறியபின் பழைய எம்.ஐ.யூ.ஐ.க்கு இறங்க முயன்ற போன்கள் நேராக ஒன்பதாவது அறிகுறிக்குப் போயின. ஸ்கிரிப்ட்டில் இருக்கும் எண்ணைத் திருத்தி ஏமாற்ற வேண்டாம், சம எண்ணோ பெரிய எண்ணோ உள்ள புதிய தொகுப்பை இறக்குங்கள்.

பூட்லோடரை மறுபடி பூட்ட விரும்பினால் அதைத் தனி வேலையாகச் செய்யுங்கள். சரியான வட்டாரத்தின் கம்பெனி ரோமை ‘க்ளீன் ஆல்’ முறையில் ஏற்றி, போன் முழுதாக பூட் ஆகி, கால், வைஃபை, கைரேகை மூன்றும் வேலை செய்வதைப் பார்த்த பிறகு, ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் லாக்’. டேட்டா இன்னொரு முறை அழியும். போனை விற்கப்போகிறவர் அதற்குமுன் கூகுள் கணக்கையும் மி கணக்கையும் செட்டிங்ஸிலேயே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் ரீசெட் செய்ததும் போன் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும்.